மடியில் வைப்பவர்

ஜூலை 6, ஞாயிறு

இன்று முதல் எழுதுவதாக முடிவு. தளம் திறக்கும் நாள் வரை தினமும் எழுத ஆசைதான். ஆனால் என் லட்சணம் எனக்குத் தெரியும், வாரத்துக்கு ஒன்று எழுதினாலே பெரிது.

தளத்தின் பெயர் ‘சாமிவழி’. குலதெய்வம் எது என்று தெரியாதவர்களுக்குக் கண்டுபிடித்துக் கொடுப்போம். தெரிந்தவர்களுக்குக் கோயிலுக்குப் போகும் பாதை, பூசாரியின் தொடர்பு, மொட்டை, காதுகுத்து, பொங்கல் எல்லாவற்றுக்கும் நாள் பதிவு. ஆண்டுச் சந்தா. செப்டம்பர் 14, ஆவணியின் கடைசி ஞாயிறு, திறப்பு. அதைத் தாண்டினால் புரட்டாசி வந்துவிடும், என் மனைவி மங்கை வீட்டுக்குள் விடமாட்டாள்.

கல்யாண வரன் பார்க்கும் கம்பெனி ஒன்றில் பத்து வருடம் குப்பை கொட்டினேன். படிவத்தில் குலதெய்வம் என்ற கட்டத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் திருதிருவென விழிப்பார்கள். சிலர் ‘திருப்பதி’ என்று போட்டுவிட்டுத் தப்பிப்பார்கள். அப்போதே நினைத்தேன், இதில் ஒரு தொழில் இருக்கிறது என்று. வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. இது ஓடவில்லை என்றால் நாற்பத்தி நான்கு வயதில் யாரும் என்னைக் கூப்பிட்டு வேலை தரப்போவதில்லை.

மதுரை எல்லீஸ் நகரில் ஒரு மாடி அறை. கீழே பரோட்டாக் கடை. எந்நேரமும் சால்னா வாசத்தில் குலதெய்வங்களைப் பற்றித் தட்டச்சு செய்கிறோம்.

ஜூலை 9, புதன்

பதிவுப் படிவம் முடிந்தது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பதற்கில்லை.

தளத்தின் தொழில்நுட்பம் முழுக்க ஜெசிந்தா. தூத்துக்குடிப் பெண், அதே பழைய கம்பெனியில் என்னோடு இருந்தவள், இப்போது பங்குதாரர். காதுகுத்துப் படிவத்தில் நான் எழுதிக் கொடுத்த கட்டங்களைப் பார்த்துவிட்டு ஒன்றில் நின்றாள்.

“‘மடியில் வைப்பவர்: தாய்மாமன் அல்லது வேறு’. இது எதுக்குண்ணே?”

“காது குத்தும்போது பிள்ளைய தாய்மாமன் மடியிலதான் வைக்கணும். அம்மாவோட அண்ணனோ தம்பியோ. சீர் கொண்டு வர்றதும் அவருதான்.”

“மாமன் இல்லாத பிள்ளைக்கு?”

“மாமன் முறை உள்ள யாராவது உக்காரணும். யாருமே இல்லன்னா பூசாரிதான் ஏற்பாடு பண்ணணும். அதுக்குத்தான் அவருக்கு முன்னாடியே தெரியணும்.”

அவள் தலையாட்டிக்கொண்டு கட்டத்தைப் போட்டாள். சென்னையில் குளுகுளு அறையில் உட்கார்ந்து கோயில் தளம் நடத்துகிறவனுக்கு இப்படி ஒரு கட்டம் வேண்டும் என்று தோன்றுமா? தோன்றாது. இது இந்த மண்ணில் காது குத்திக்கொண்டவன் செய்கிற வேலை.

ஜூலை 19, சனி

முள்ளிக்கரை போய் வந்தேன். மதுரையிலிருந்து இரண்டு மணி நேரம், கடைசி ஏழு கிலோமீட்டர் மினி பஸ். கருவேலங்காட்டுக்கு நடுவே கருப்பன் கோயில். கூரை கிடையாது, ஒரு பீடம், இரண்டு குதிரை, பக்கத்தில் தகரக் கொட்டகை. பூசாரி பெயர் சங்கையா. அறுபது வயது இருக்கும். சுற்றுவட்டாரப் பூசாரிகளில் பத்தொன்பது பேர் அவர் சொன்னால் கேட்பார்கள். அவர் சேர்ந்தால் அத்தனை கோயிலும் சேரும்.

தொலைபேசியில் பதிவு செய்யும் முறையை மூன்று தடவை காட்டினேன். நாலாவது தடவை அவரே செய்து காட்டினார். இருந்தாலும் தன் கோடு போட்ட நோட்டைக் கைவிட மாட்டாராம், இரண்டிலும் எழுதுவாராம். சரி என்றேன்.

கிளம்பும்போது ஒரு நிபந்தனை போட்டார்.

“தம்பி, இங்க வர்றவுக எல்லாரும் ஊருக்குச் சொல்லிட்டு வர்றவுக இல்ல. ரெண்டு வீட்டுக்கும் ஆகாம கட்டிக்கிட்டுப் போனதுக இருக்கு. அதுகளும் பிள்ளைக்கு மொட்டை போட இங்கதான வரணும், சாமிய மாத்திக்க முடியுமா? பேரு வெளிய போகக் கூடாது. அது ஒண்ணுதான் நான் கேக்குறது.”

போகாது என்றேன். திருநீற்றைக் கையில் கொட்டினார். பூசிக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

பத்தொன்பது கோயிலும் சேர்ந்துவிட்டன. இப்போது மொத்தம் நாற்பத்தி மூன்று. மங்கை கேசரி கிண்டினாள்.

ஜூலை 31, வியாழன்

திறப்புக்கு முன் சோதனைக்காக நாற்பது பேருக்கு இலவச நுழைவு கொடுத்திருக்கிறோம். குறை கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். முப்பத்தொன்பது பேர் உள்ளே வந்து தங்கள் ஊர்ப் பெயரைத் தேடிவிட்டுப் போய்விட்டார்கள். ஓசியில் கிடைத்தால் அவ்வளவுதான் மரியாதை.

நாற்பதாவது ஆள் சோலைராசு. விருதுநகர்ப் பக்கம் டிராக்டர் உதிரிபாகக் கடை. தினமும் வருகிறார், தவறுகளைப் படம் எடுத்து அனுப்புகிறார். அவர் தேடியது ‘செம்பொட்டல் மேற்குத் தெருக்காரர்களுக்குக் குலதெய்வம் எது’ என்பது. முதலில் தளம் பேந்தப் பேந்த விழித்தது. ஜெசிந்தா இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்த பிறகு விடை வந்தது: முள்ளிக்கரைக் கருப்பன். எங்கள் தளம் கண்டுபிடித்துக் கொடுத்த முதல் சாமி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே.

தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் சாமிதானா என்று கேட்டேன்.

“இல்லண்ணே. எங்க சாமி வேற. இது தங்கச்சி வாக்கப்பட்ட எடம்” என்றார். குரலே அவ்வளவு பணிவு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சோலைராசு நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, முப்பத்தி நாலு வயது, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். ஜெசிந்தாவுக்கும் எனக்கும் பால்பன் இனிப்பு வாங்கி வந்திருந்தார்.

தங்கை கோபித்துக்கொண்டு மூன்று வருடமாகப் பேசுவதில்லையாம். பிள்ளை பிறந்திருப்பதாகக் கேள்வி. காதுகுத்துக்குத் தாய்மாமனாகத் திடீரென்று போய் நின்றால் அவள் மனம் மாறிவிடும் என்கிறார். அந்தக் கோயிலில் பதிவு வந்தால் தனக்குத் தகவல் வர வேண்டும்.

“பேரு என்ன, உங்க தங்கச்சி பேரு?”

“பேர வச்சுத் தேடாதீங்கண்ணே. மாத்திப் போடுவா. ஆனா மடியில வைக்க ஆள் இல்லைங்கிறத மாத்த முடியாதுல்ல. ‘வேறு’ன்னுதான போட்டாகணும். அந்தக் கோயில்ல ‘வேறு’ன்னு எது வந்தாலும் எனக்கு ஒரு மெசேஜ் வர்ற மாதிரி பண்ணுங்க.”

அசந்துவிட்டேன். அந்தக் கட்டத்தை யோசித்துப் போட்டது நான். அதற்கு இப்படி ஒரு பயன் உண்டு என்று எனக்கே தோன்றவில்லை. கூடவே, முதல் ஆயிரம் சந்தாதாரர்களில் இருநூறு பேரைத் தானே சேர்த்துத் தருவதாகச் சொன்னார். அவர்கள் சங்கத்தில் செல்வாக்கு உண்டாம்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “எங்கப்பா அந்த வருசமே தவறிட்டாருண்ணே. அவ வீட்ட விட்டுப் போன வருசமே” என்றார். அதைச் சொல்லும்போதும் அதே பணிவுதான்.

நாளை தளத்தின் சின்னத்துக்கு நிறம் முடிவு செய்ய வேண்டும். மஞ்சளா, குங்குமச் சிவப்பா?

ஆகஸ்ட் 9, சனி

சிவப்பு.

ஆகஸ்ட் 16, சனி

தகவல் அனுப்பும் வசதி தயார். ஜெசிந்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தாள்.

“ஒரு ஆளுக்காக ஒரு வசதியா? மத்தவங்க பதிவு இவருக்கு ஏன் போகணும்?”

“சோதனைதான. அண்ணன் தங்கச்சி சேர்றதுக்கு நாம ஒரு சின்ன உதவி.”

“தங்கச்சி ஏண்ணே பேர மாத்திப் போடணும்?”

அவளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். பழைய கம்பெனியில் மாப்பிள்ளைகளின் சம்பளச் சான்றிதழைச் சரிபார்த்துச் சரிபார்த்து அப்படி ஆகிவிட்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

சோலைராசு கூப்பிட்டார். முள்ளிக்கரையில் வண்டி எதுவரை போகும், மினி பஸ் எத்தனை மணிக்கு, கோயிலில் கேமரா உண்டா என்று விசாரித்தார். சீர்த்தட்டோடு நாலைந்து பேராக வருவார்களாம், அதனால் வழி தெரிய வேண்டுமாம். கேமரா எதற்கு என்று கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் இருநூறு பேர் பட்டியலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

சீருக்கு என்ன எடுத்திருக்கிறீர்கள், கம்மலா கடுக்கனா என்று சும்மா கேட்டேன்.

“ஆணா பொண்ணான்னு தெரியாதுண்ணே” என்றார்.

உதவிப் பக்கத்துக்கான கேள்வி பதில்கள் எழுதி முடித்தேன், முப்பத்தி ஒன்று. மாடி ஒழுகுகிறது, வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். பரோட்டாவைக் குறைக்க வேண்டும்.

செப்டம்பர் 1, திங்கள்

சங்கையா பூசாரியின் முதல் உண்மையான பதிவு வந்தது. சோதனை அல்ல, நிஜக் காதுகுத்து. தானே தட்டியிருக்கிறார்: பெண் குழந்தை, ஒன்றரை வயது. செப்டம்பர் 14, காலை பத்து. தொலைபேசி எண்ணுக்குத் தன் எண்ணையே கொடுத்திருக்கிறார். மடியில் வைப்பவர்: வேறு. குறிப்பு: ‘பெண் வீட்டார் யாரும் இல்லை. நானே வைத்துக்கொள்கிறேன்.’

நாங்கள் திறக்கிற அதே நாள். நல்ல சகுனம் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மெசேஜ் போயிருச்சுண்ணே. பதினொன்னு நாற்பத்திரெண்டுக்கு. அடுத்த நிமிசமே தொறந்து பாத்துட்டாரு.”

செப்டம்பர் 3, புதன்

ஜெசிந்தா பழைய செய்தி ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். மூன்று வருடத்துக்கு முந்தையது. ‘பாதுகாப்பு கேட்டு எஸ்.பி. அலுவலகத்தில் காதல் ஜோடி தஞ்சம்.’ படத்தில் இருவர் கழுத்திலும் மாலை. பெண்ணின் பெயர் நித்யகலா. பையன் செம்பொட்டல் மேற்குத் தெரு. உள்ளே கடைசிப் பத்தியில்: பெண்ணின் அண்ணன் சோலைராசு, பையனின் தந்தையை அரிவாளால் வெட்டிய வழக்கில் கைதாகி ஜாமீனில் வந்தவர். தந்தைக்கு இடது கை போய்விட்டது.

இரண்டு தடவை படித்தேன். ஜெசிந்தா தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள்.

“பூசாரிக்கு இப்பவே ஃபோன் போடுங்கண்ணே.”

போடுகிறேன் என்றேன். போடவில்லை. எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது? நீங்கள் கேட்ட ஒன்றே ஒன்றையும் நான் காப்பாற்றவில்லை என்றா? இன்னொரு ஊர்ச் சோலைராசுவாகவும் இருக்கலாம். நம்ம கடைக்காரர் வெறும் கடைக்காரராகவே இருக்கலாம்.

இல்லை. அவர்தான். படத்தில் இருக்கும் பெண்ணுக்கு அதே மூக்கு.

செப்டம்பர் 4, வியாழன்

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பதிவைத் தளத்திலிருந்து அழித்தேன். தகவல் வசதியை எடுத்துவிட்டேன். பிறகு சோலைராசுவைக் கூப்பிட்டு, அந்தக் காதுகுத்து ரத்தாகிவிட்டது, குழந்தைக்கு உடம்பு சரியில்லையாம், தை மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன்.

“அப்படியாண்ணே? சரிங்கண்ணே” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நம்பிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

பூசாரியின் நோட்டில் பதிவு இருக்கும். அது இருந்தால் என்ன, அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

செப்டம்பர் 5, வெள்ளி

வேலை அதிகம். ஒன்றும் எழுதுவதற்கில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

சோலைராசு நாலு நாளாகத் தளத்துக்குள் வரவில்லை. விட்டுவிட்டார், நல்லது என்றேன். ஜெசிந்தா அப்படி நினைக்கவில்லை.

“தெனமும் பத்துத் தடவ வந்த ஆளு. இப்ப ஒரு தடவகூட வரல. தேடுற ஆளுதான வருவாரு? கெடச்சிட்டா எதுக்கு வரணும்?”

பிறகு கேட்டாள். “பூசாரிகிட்ட சொல்லிட்டீங்கள்ல?”

“சொல்லிட்டேன்” என்றேன்.

சொன்ன மாதிரிதான். இன்று நாளை சொல்லிவிடுவேன்.

இருநூறு பேர் பட்டியல் இனி வராது. அது போகட்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் சங்கையா பூசாரியே கூப்பிட்டார். திறப்புக்கு வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டாராம். தளத்தில் அந்தப் பதிவு காணோமே, தான் ஏதும் தப்பாகத் தட்டிவிட்டேனா என்று கூச்சத்தோடு கேட்டார்.

“இல்லங்கய்யா, இங்க ஒரு சின்னக் கோளாறு. வேலை நடக்குது.”

“அப்படியா. நான் நோட்டுல வச்சிருக்கேன், பாதகமில்ல. அதுக ஞாயித்துக்கெழம வந்துரும் தம்பி. பாவம், ரெண்டும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில கெடக்குதுக. மூணு வருசத்துல மொதத் தடவையா இந்தப் பக்கம் வருதுக. அந்தப் பொண்ணு ஃபோன்ல அழுகுது. மடியில வைக்க நாதியில்லையே என் பிள்ளைக்குன்னு. நான் இருக்கேன் தாயின்னேன்.”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினார், எனக்காகவே நிறுத்தியதைப் போல் இருந்தது. நான் சொன்னால் அவர் விலகுவார். அவர் விலகினால் பத்தொன்பது பேரும் விலகுவார்கள், மீதியும் நிற்காது. நாளை மறுநாள் திறப்பு. அழைப்பிதழ் நானூறு பேருக்குப் போய்விட்டது. சோலைராசுவுக்கும் ரத்து என்று சொல்லியாகிவிட்டது. அவர் நம்பிவிட்டார். நம்பாமல் இருக்க என்ன காரணம் இருக்கிறது?

“நல்லபடியா நடக்கும்ங்கய்யா” என்றேன்.

செப்டம்பர் 13, சனி

வாழைமரம் இரண்டு வாங்கிக் கட்டியாயிற்று. பரோட்டாக் கடைக்காரர் நாளை காலை அடுப்பைத் தாமதமாகப் பற்றவைப்பதாக ஒப்புக்கொண்டார். ஜெசிந்தா மூன்று தடவை தளத்தை ஓட்டிப் பார்த்தாள், பிசகில்லை. பிள்ளையாருக்கு அருகம்புல் வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காரில் எழுதுகிறேன். ஜெசிந்தா ஓட்டுகிறாள். அருப்புக்கோட்டை தாண்டவில்லை இன்னும். கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, யாரும் எடுக்காத பூசாரி எண்ணுக்கு அடித்து அடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை, அதனால் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும், எவனாவது கேட்பான்.

ஒன்பதரைக்குச் சூடம் காட்டினோம். மங்கை பொத்தானை அழுத்தினாள், தளம் திறந்தது. கை தட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் பதினாறு சந்தா. அப்போது சங்கையா பூசாரி அழைத்தார். வாழ்த்து என்று நினைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் போட்டேன்.

“தம்பி, உங்களாலதான் இந்தப் புண்ணியம்” என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோசம். “நான் மடியில வைக்கிற வேலையே இல்ல. தாய்மாமனே வந்துட்டாரு. காலையில ஏழு மணிக்கே வந்து மொத ஆளா உக்காந்திருக்காரு, கூட நாலு பேரு. பட்டுத்துணி, தேங்கா, பழம், தோடு எல்லாம் தட்டுல வச்சிருக்காக. உங்க கம்பியூட்டர்லதான் பாத்தாராம். என் கையப் புடிச்சுக்கிட்டு, அய்யா நீங்க ஒண்ணும் சொல்லாதீக, தங்கச்சி பாத்து அசந்து போகணும்னு சொல்றாரு. மூணு வருசப் பகை, இன்னையோட தீந்துச்சு.”

அறையில் எல்லோரும் மறுபடி கை தட்டினார்கள். மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெசிந்தா மட்டும் என்னையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, நான் சொல்லவே இல்லை என்று.

ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். “அய்யா, அவங்கள வரவேண்டாம்னு சொல்லுங்க. அந்த ஆளு வெட்டுனவன். பையனோட அப்பன் கைய எடுத்தது அவந்தான். உடனே ஃபோன் போட்டு வழியிலயே எறங்கச் சொல்லுங்க.”

“என்ன தம்பி சொல்றீக?” என்றார். மறுபடி சொன்னேன். அதற்குள் ஜெசிந்தா பின்னாலேயே வந்து தன் தொலைபேசியில் போலீசுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்: ஏழு கிலோமீட்டர், கருவேலங்காடு, தகரக் கொட்டகை. பக்கத்து ஸ்டேஷனிலிருந்து வர நாற்பது நிமிடம் ஆகுமாம்.

பூசாரி மெதுவாகக் கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

“இது எப்பத் தெரியும் தம்பி உங்களுக்கு?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “பதினோரு நாளா” என்றேன்.

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. அவர் ஓடுவது கேட்டது, மூச்சிரைப்பு கேட்டது. “எறங்காதீக தாயி, எறங்காதீக” என்று யாரையோ பார்த்துக் கத்தினார். மினி பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது, கதவு திறந்தது, ஒரு குழந்தை சிரித்தது.